நாற்பது என்றால் அரைச் சுரம்

பக்கெதானோவில் எங்கள் வீடு
தண்டவாளத்திலிருந்து எண்பது அடி.
செம்புத் தகடு ஏற்றிய ரயில் போகையில்
அலமாரிக் கோப்பைகள் தங்களுக்குள் முணுமுணுக்கும்.
அதற்கு முன்பே கடவையில் ஊதல்.
வரும்போது ஒரு சுரம்,
போகும்போது அதற்குக் கீழே ஒன்று,
என் சன்னலைத் தாண்டும் நொடியில்
ஒரு வழுக்கல்.

எனக்குக் காது உண்டு.
பதினேழு வயதுவரை அய்கினா திருவிழாவில்
ட்ரோம்போன் ஊதியவள்.
அந்தக் குழலில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே
கோடு கிடையாது, முழங்கைதான் அளவுகோல்.
மழையே அறியாத இந்தச் சுரத்தில்
வேறென்ன கேட்கக் கிடைக்கிறது?
அரைச் சுரம் இறங்கினால் நாற்பதில் போகிறான்,
கடவைப் பலகை சொல்லும் அதே நாற்பது.
முழுச் சுரம் இறங்கினால்
எழுபதைத் தாண்டிவிட்டான்.

அவன் என்றால் எலியுத்தேரியோ சோக்கே.
என்ஜின் ஓட்டுகிறவன். என் கணவன்.

செவ்வாய்க்கிழமை, சூப்பிலிருந்த சோளத்தைக் கடித்தபடி
"நாற்பதுதான்" என்றான்.
"எழுபத்திரண்டு."
"வேகக்காட்டியை நீ பார்த்தாயா?"
"அது உன்னோடு வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன்."
"ஊதலைப் பிடித்தது என் கை, யாஸ்னா.
முதலிலிருந்து கடைசிவரை ஒரே சுரம்.
இறங்கவே இல்லை."
நாற்பது பொய்.
ஆனால் இறங்கவில்லை என்றது சத்தியம்.
ஊதலோடு கூடவே போகிறவனுக்கு
அது எப்போதும் ஒரே குரல்தான்.
விட்டுப் போகிறவர் குரல் தாழ்வது
நிற்கிறவர் காதில்.

ஏன் எழுபத்திரண்டு என்று கேட்டிருக்கலாம்.
ஆள் மாறும் நிலையம் முப்பது கிலோமீட்டர் தள்ளி.
அங்கே இறங்கி, ஏதோ ஒரு உப்பு லாரியைக் கைகாட்டி நிறுத்தி,
வீடு வந்து சேர்ந்திருக்கிறான்.
மலைக்குப் போகும் என் பேருந்து ஆறு மணிக்கு.
கேட்கவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

எட்டு இரவு மலையில், ஆறு பகல் வீட்டில்,
என் வேலை அப்படி.
தொலைநோக்கிக்குள் யாரும் கண்ணை வைப்பதில்லை இப்போது.
திரையில் ஒளிப்பட்டை வந்து விழும், நான் சரிபார்ப்பேன்.
கால்சியத்துக்கு இரண்டு கருங்கோடுகள்,
இரட்டைப் பிள்ளைகள்போல் அருகருகே.
சோதனைச்சாலையில் அவற்றின் இடம் ஊதாவின் விளிம்பு.
அன்றிரவு அவை பச்சையில் நின்றன.
முந்நூற்றைம்பது கோடி ஆண்டு நடந்த ஒளி
வழியெல்லாம் நீண்டு நீண்டு
இவ்வளவு இறங்கியிருக்கிறது.
பழக்கதோஷம், சுரத்தில் கணக்குப் போட்டேன்:
மேல் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரை,
கொஞ்சம் குறைவாக.

பட்டியலில் நாற்பத்தொரு மண்டலங்கள்.
ஒன்று விடாமல் சிவப்புப் பக்கம் சாய்ந்தன.
வால்திவியாவிலிருந்து வந்த புதுப்பையன் க்ராவ்சே கேட்டான்,
"ஒன்றுகூட நம்மை நோக்கி வராதா?"
"பக்கத்தில் இருப்பவை சில வரும்.
இந்தப் பட்டியலில் இல்லை" என்றேன்.
தேநீருக்குச் சர்க்கரை தேடப் போனான்.

திரும்பி வந்த மறுநாள்.
திரையை இழுத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தேன்.
ஊதல் வந்தது.
வழுக்கவில்லை.
மேல் சுரமும் இல்லை, கீழ்ச் சுரமும் இல்லை,
இரண்டுக்கும் நடுவே
ஏழு வருடத்தில் நான் கேட்டேயிராத ஒன்று
நீளமாய், நீளமாய்.

செருப்பில்லாமல் ஓடினேன்.
கடவையின் நடுவில் முலாம்பழ வண்டி ஒன்று
அச்சு முறிந்து கிடந்தது.
வண்டிக்காரர் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்,
ஒன்றும் அவசரமில்லாதவர்போல்.
நூறு மீட்டர் தள்ளி நின்றது ரயில்.
என்ஜினில் எலியுத்தேரியோ,
என்னைப் பார்த்த பிறகும்
ஊதலிலிருந்து கையை எடுக்கவில்லை.

நான் ஓடும்வரை
அது ஒரு மயிரிழை கூடித்தான் கேட்டிருக்கும்.
நின்றேன்.