கீழச் சாக்சனி

பணகுடிக்கு மேற்கே, எழுபத்தெட்டு மீட்டர் உயரத்தில்,
காற்றாலையின் மண்டைக்குள் உட்கார்ந்துதான்
அவள் தன் ஊரைச் சொன்னாள்.
ஆனி பிறந்தும் அன்றைக்குக் காற்று வரவில்லை.
மூன்று இறக்கைகளும் சும்மா நின்றன,
சம்பளம் வாங்கிக்கொண்டு.

பெயர் வீப்கெ. எங்கள் வாயில் அது விபுக்கா.
பல்சக்கரம் பார்க்க மூன்று வாரத்துக்கு வந்தவள்.
மாநிலம் நீடர்சாக்சன்.
"நீடர் என்றால் கீழ."
கீழப்பாவூர் மேலப்பாவூர் பார்த்தவன் நான்.
"அப்போ மேலச் சாக்சனி எங்கே?"
கிரீஸ் கையோடு சிரித்தாள்.
சாக்சனி என்று வேறொன்று கிழக்கே இருக்கிறதாம்.
பெயர் மட்டும் அங்கே குடிபோய்விட்டது,
ஆட்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள்.
அது எனக்குப் புரிந்தது.
பாவூர் இப்போது தென்காசி மாவட்டம்,
பஸ் மட்டும் பழையபடி வருகிறது.

பேனல் மூடியின் தூசியில் விரலால் வரைந்தாள்.
தெற்கே ஹார்ட்ஸ் மலை. ஒரு கோடு இழுத்துவிட்டு
வேறு யாருடையதோபோல் விட்டுவிட்டாள்.
நடுவில் ஹனோவர், மந்திரிமார் ஊர்,
சுத்தமான ஜெர்மன் தங்களுடையதே என்பவர்கள்.
லூனெபுர்க் பக்கம் மணல் பொட்டல்,
ஆவணி வாக்கில் தரையெல்லாம் ஊதாப்பூ,
அதை மேயும் கொம்பு வளைந்த ஆடு.
ஆடு என்றதும் என் வாய் திறந்துகொண்டது:
எங்கள் தேரிக்காடு, சிவப்பு மணல், உடைமுள்...
அவள் கையமர்த்தவில்லை. காத்திருந்தாள்.
பிறகு வேசர், எம்ஸ். இரண்டும் வடக்கே ஓடுமாம்.
வடக்கே ஓடும் ஆற்றுக்கு என் மனம் ஒப்பவில்லை,
பொருநையைப் பார்த்தே பழகியதால்.

விரல் வடமேற்கு மூலையில் நின்றது.
அங்கே தரை கடலுக்குக் கீழே.
கரை கட்டி, புல் வளர்த்து,
புல்லை மேய்க்க ஆடு விட்டு,
ஆட்டின் குளம்பால் கரையை இறுக்கி,
அதற்குப் பின்னால் தூங்குகிற சனம்.
தினம் இரண்டு தடவை கடல் வீட்டைவிட்டுப் போகும்,
இரண்டு தடவை திரும்பி வரும்.
போன நேரத்தில் சேற்றில் நடந்து
தீவுக்குப் போய்விடலாம்.
தாமதித்தால் தீவிலேயே இருக்கலாம்.
"ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியை
புதன்கிழமையே பார்த்துவிடுவோம்,
அத்தனை சமதரை."
சொல்லிவிட்டு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.
மகேந்திரகிரி.
பஸ்ஸில் ஒட்டி உட்காரும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்து,
"இது எப்போதும் இங்கேயேதான் இருக்குமா?" என்றாள்.

ஹனோவரிலிருந்து மேலாளர் போன்.
அவள் நாக்கு சட்டை மாற்றிக்கொண்டது.
வைத்ததும் தாய்க்குப் பேசும் பாஷையில் ஏதோ முனகினாள்.
மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை,
சென்னைக்கு "சொல்லுங்க சார்" சொல்லி வைத்துவிட்டு
"என்ன பாடுவே இது" என்பவன்தானே நானும்.

சாயங்காலம் கொம்பையா கடை.
அவர்கள் ஊரில் டீயைக் கலக்கக் கூடாதாம்,
மேலே ஆடை, நடுவில் கசப்பு, அடியில் கற்கண்டு,
அவசரமில்லாமல் அங்கே போய்ச் சேரவேண்டுமாம்.
கொம்பையாவோ ஒரு முழத்துக்கு ஆற்றி
மூன்றையும் ஒன்றாக்கி நீட்டினார்.
குடித்தாள். இன்னொன்று வந்தது. குடித்தாள்.
ஐந்தாவது கிளாஸில் முகம் வியர்த்துவிட்டது.
"ஏ ராயப்பா, இந்தப் பிள்ளை நல்லாக் குடிக்குலே!"

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்தான் சொன்னாள்:
அவர்கள் ஊரில் போதும் என்று வாயால் சொல்வதில்லை,
கோப்பைக்குள் கரண்டியை நட்டுவைப்பார்கள்.
கொம்பையா கடையில் கரண்டி ஏது?

ஆடிக்காற்று வந்தது, அவள் போன மறுநாள்.
எங்கள் காற்று ஓய்ந்த மார்கழியில்
அவள் பக்கம் புயல்.
"தண்ணீர் கரையின் பாதிவரை. ஆடுகளை ஏற்றிவிட்டோம்"
என்று இரவு ஒரு மணிக்குச் செய்தி.
பல்சக்கரம் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தாள்.

நன்றாகச் சுற்றுகிறது.
என் பையில், இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனருக்குப் பக்கத்தில்
ஒரு டீக்கரண்டி கிடக்கிறது.
மறுபடி வந்தால் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்தது.
இப்போதைக்கு அதனால்தான்
கிரீஸ் டப்பா மூடியை நெம்பித் திறக்கிறேன்.