எழுதாத புள்ளி

ராணிப்பேட்டை, சிப்காட், தோல் கம்பெனி.
குரோம் வாடைக்கு மூக்கு பழக மூன்று நாள்.
பழைய புரோகிராமுக்குக் கண் பழக
ஒரு மாதம்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் யாரோ அடித்த பெட்டிகள்.
இது எண் மட்டும்.
இது எழுத்து, பன்னிரண்டு இடம்.
இது இடப்பக்கம் காலியாயிருந்தால் சைபர் நிரப்பிக்கொள்ளும்.
சரக்கு வருமுன்பே அகலத்தைச் சொல்லிவிடுகின்றன,
பஸ் ஜன்னல் வழியே சீட்டில் போட்ட துண்டு மாதிரி.

சம்பளக் கணக்கு பார்க்கும் ரஹமத்துன்னிசா சிரித்தாள்:
"இங்கிலீஷ்ல பதிமூணு எழுத்து மேடம் எம் பேரு.
கடைசி எழுத்து கேட்டுக்கு வெளியவே நிக்கும்."
சிலிப்பில் அவள் ரஹமத்துன்னிஸ்.
பேங்க்கில் ஒருவன்
"அவர் வரலையா?" என்று கேட்டானாம்.

அளக்கும் மெஷின் காட்டுகிறது: பதினேழே கால் சதுர அடி.
பெட்டிக்குள் கிடப்பதோ 01725.
புள்ளியைத் தேடினேன்.
வரையறை வரியில் மட்டும் ஒரு 'வி':
இங்கே இருப்பதாக நினைத்துக்கொள்.
இடம் விலை விற்ற காலம்,
புள்ளிக்கென்று ஓர் இடம் ஒதுக்கவில்லை.

ஓலை கிழியுமென்று
மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தாமல் விட்டார்களாம்.
'பல' என்று கிடந்தால்
பல்லா, பலவா,
படிப்பவர் பாடு.

நான் தப்பாகப் படித்தேன்.
சோதனை ஓட்டத்தில் ஒரு மாட்டின் பாதித் தோல்
ஆயிரத்து எழுநூற்று இருபத்தைந்து சதுர அடி.
அடிக்கணக்கில் கூலி வாங்கும் குணபூஷணி
சிலிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இதையே வச்சிடுங்க மேடம்."
ஷெட்டே சிரித்தது.

அவசரத்தில் திருத்தினேன். முழு எண் என்று போட்டுவிட்டேன்.
பதினேழு.
திரை சுத்தமாக இருந்தது. மேனேஜர் தலையாட்டினார்.
யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் குணபூஷணி மட்டும் திரும்பி வந்தாள்,
கையில் சாக்பீஸ்.
மேசை விளிம்பில் நாலு கோடு கிழித்தாள்.
"கால் காலா நாலு போச்சுன்னா
ஒரு அடி மேடம்."
ஒரு நாளைக்கு எத்தனை தோல் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன்.
பரப்பளவு: புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்,
புள்ளி கண்ணுக்குத் தெரிய.
பெயர்: அறுபது இடம்.

காலையில் ரஹமத்துன்னிசா முழுப்பேரையும் அடித்தாள்,
ஒவ்வொரு விரலாக.
கடைசி எழுத்துக்குப் பக்கத்தில்
கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது.
"மீதி நாப்பத்தேழு இடம்
யாருக்கு மேடம்?"