களுக்

சீசன் தொடங்கிவிட்டால்
காவேரிப்பட்டணம் மாங்கூழ் கம்பெனியில்
பன்னிரண்டு மணி நேரம் என் கை.
அதுவரை ஒன்பது கோழிக்கு
யார் தண்ணி காட்டுவது?

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்.
அடிப்பக்கம் ஒரு ஓட்டை,
தட்டு விளிம்புக்கு ஒரு விரல் கீழே.
மூடியை இறுக்கி வைத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் கேன் காலி. கொட்டகை சேறு.
குஞ்சுகள் காலில் மண் செருப்பு.

ஓட்டையைச் சின்னதாக்கினேன், ஒழுகியது.
தட்டை மாற்றினேன், ஒழுகியது.
செங்கல் வைத்து மட்டம் பார்த்தேன்
மேஸ்திரி மாதிரி ஒரு கண்ணை மூடி.
ஒழுகியது.

தீவனக் குழாய் தேவலாம்:
மூன்றங்குல பி.வி.சி., கீழே ஒரு எல்போ.
ராகி ஈரமானால் மட்டும் தொண்டையில் கட்டும்.
முதுகில் தட்டினால்
இருமிவிட்டு இறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை
அடி ஓட்டையை விரலால் அடைத்து
கேனைப் பக்கெட்டில் அமுக்கினேன்,
பஞ்சர் கடை திம்மராயன்
ட்யூபை அமுக்குகிற மாதிரி.
குமிழி வந்தது
கைப்பிடிக்கு மேலே.
போன வருஷம் ஆணியில் மாட்டின இடம்.
ஊசிமுனை.

ஒழுகினது கீழே;
காற்று நுழைந்தது மேலே.
பத்து நாளாய் நான் திட்டினது
அடியை.

எம்சீல் பிசைந்து அப்பினேன்.
நின்றது.
கோழி மூக்கை விட்டால் மட்டும்
கேனுக்குள் ஒரு 'களுக்'.

கழுத்தறுத்தான் கோழி ஒன்று
தட்டுப் பக்கமே வரவில்லை.
சேறு காய்ந்த பழைய இடத்தைக்
கொத்திக்கொண்டு நிற்கிறது.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.
போகிற போக்கில்
அங்கே அரைச் சொம்பு ஊற்றிவிட்டு
ஓடுகிறேன்.