படம் எண் முப்பத்தொன்று

என் வேலை அளப்பது.
நொடிக்கு எத்தனை பேர் தட்டினால்
ஒரு சர்வருக்கு மூச்சு முட்டும் என்று
தட்டித் தட்டிப் பார்த்துக் குறித்துவைப்பேன்.
சம்பளம் உண்டு. கோபித்துக்கொள்ள அங்கே ஆளில்லை.

மேல்மாடியில் குட்வைக். இரவுப் பேருந்து ஓட்டுகிறாள்.
பெர்கனில் மழை விட்ட நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்,
கையுறையைக் கழற்றினால்.
கழற்றியவர்கள் இறங்கும் அவசரத்தில்
ஒன்றை மட்டும் இருக்கையில் விட்டுப் போகிறார்கள்.
இரண்டையும் சேர்த்துத் தொலைப்பவர் அபூர்வம்.

அவள் அவற்றைச் சமையலறை மேசையில்
கிடத்திப் படமெடுத்தாள், எண் போட்டாள்.
பதினேழு: சாம்பல் நிறம், கட்டைவிரலில் ஓட்டை.
இருபத்திரண்டு: தோல், உள்ளே கசங்கிய பயணச்சீட்டு.

அந்தக் குளிர்காலம்
உலாவிக்குள்ளேயே ஒரு சர்வர் குடிவந்திருந்தது.
வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டாம்,
கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டாம்.
ஒரு பெயர், ஒரு கடவுச்சொல்,
எந்தக் கோப்புறை என்று ஒரு கேள்வி.
காபி வடிந்து முடிவதற்குள்
அவள் மடிக்கணினி தெருப்பக்கம் வாசல் வைத்துக்கொண்டது.
“இவ்வளவுதானா?” என்றாள்,
யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.

இவ்வளவுதான்.
மூடியைத் தூக்கினால் பக்கம் உண்டு,
இறக்கினால் இல்லை.
ஊர் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது:
பக்கம் திறந்தால் குட்வைக் விழித்திருக்கிறாள்,
படியேறி மணி அடிக்கலாம்.
திறக்காவிட்டால் தூக்கம். அடிக்கக் கூடாது.
நான் அளந்த பெரிய சர்வர்கள்
இரவு பகல் விழித்தே இருப்பவை,
வீட்டில் ஆள் இருக்கிறதா என்று
ஒன்றாவது சொன்னதில்லை.

ஆனால் ஆமை வேகம்.
நம் வீடுகளுக்கு இணையம் வரும் பாதை நெடுஞ்சாலை,
போகும் பாதை ஒற்றையடி.
கையுறை மேலிருந்து கீழாக, வரிவரியாய்,
முதலில் விரல்நுனிகள்,
அப்புறம் உள்ளங்கை,
கடைசியில் மணிக்கட்டு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், அவளுக்கு ஓய்வு இரவு.
எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.
என் கருவியை அவள் பக்கம் திருப்பினேன்.
ஐந்து பேராகத் தட்டினேன், தாங்கியது.
எட்டு பேராக. மின்விசிறியின் அலறல்
கூரை வழியே எனக்கே கேட்டது.
பதினொன்றில் சாய்ந்தது.
பதினொன்று என்று குறித்தேன்.
கொஞ்சம் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

கால்மணி நேரத்தில் என் கதவில் ஒரு தட்டு.
ஒரே ஒரு தட்டு.

காலுறையோடு நின்றாள்,
சூடு ஆறாத கணினியைக்
குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு.
பதிவேட்டைக் காட்டினாள்.
என் முகவரி, என் முகவரி, என் முகவரி,
அறுநூறு வரிக்கு நானே.
நடுவில் ஒன்று மட்டும் நானில்லை:
பதினொன்று மணி நாலு நிமிடம். யாரோ, கைபேசியில்.
படம் எண் முப்பத்தொன்று.
பாதியில் அறுந்திருந்தது.

முப்பத்தொன்று குழந்தையின் கையுறை, சிவப்பு.
மணிக்கட்டில் வெள்ளை நூலால் ஒரு பெயர்.
விரல்கள் போய்ச் சேர்ந்திருக்கும்.
பெயர் போயிருக்காது.

அவள் திட்டவில்லை.
“எத்தனை வரை தாங்கியது?” என்றாள்.
சொன்னேன்.
“ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு மேல்
இதுவரை வந்ததே இல்லை” என்றாள்,
பேருந்தில் எத்தனை இருக்கை என்று சொல்லும் குரலில்.

இப்போது வேலைக்குப் போகும்போதும்
அவள் மூடியை முழுதாக இறக்குவதில்லை.
சாவி ஒன்றை என்னிடம் தந்திருக்கிறாள்.
ஊருக்குப் பழைய கணக்குத்தான்,
பக்கம் திறந்தால் மணி அடிக்கிறார்கள்.
நான் ஏறிப்போய் எண் கேட்டு எடுத்துத் தருகிறேன்.
நேற்று ஒரு கிழவர் பதினேழை வாங்கி,
அங்கேயே மாட்டி,
ஓட்டை வழியே கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார்.

அந்தக் கைபேசி திரும்ப வரவில்லை.
பதிவேட்டைத் தினமும் பார்க்கிறேன்,
இதற்குச் சம்பளமில்லை.
இருட்டுச் சமையலறையில் கணினி முனகுகிறது,
விசைப்பலகைக்கும் மூடிக்கும் இடையில்
மடித்து வைத்த
ஒரு சிவப்புக் கட்டைவிரல்.