பொருள்

"இருக்கிறதா, இல்லையா?
ஒரு கட்டத்தில்தான் குறி போடலாம்" என்றாள்
மித்திலினி நிலப்பதிவு அலுவலகத்துப் பொலிக்ஸேனி,
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
பேனா மூடியைக் கடித்தபடி.

மிர்சினி வாய் திறக்கவில்லை.
பத்திரத்தைத் துவாரத்தில் தள்ளினாள்:
ஒலிவ மரங்கள் ஒன்பது,
இடுப்பளவு கல்மதில்,
மாதந்தோறும் மூன்றாம் வியாழன் கிணற்றுநீர் முறை.
மரங்களைக் கடல்
தவணை முறையில் எடுத்துக்கொண்டது.
மதில் எந்த இரவில் போனதென்று தெரியாது.
வரியை மட்டும் அவள்
ஒரு தவணை தவறவிட்டதில்லை.

நான் அளப்பவன். அளந்துவர அனுப்பினார்கள்.

போகும் வழியில் படகுக்கார ஸ்ட்ராதிஸ்,
பள்ளியில் பழைய கிரேக்கத்தில் இரண்டு முறை தோற்றவன்,
அந்தச் சொல்லை எடுத்தான். ஊஸியா.
தத்துவக்காரர்கள் கைவைக்கும் முன்பு
அதற்கு அர்த்தம் வயல், வீடு, ஆடு மாடு,
அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் பாகம்.
பிறகுதானாம் அது
எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் இருப்பு ஆனது.
"நமக்கு ரெண்டுமே இல்லை" என்று
எஞ்சினை அணைத்தான்.

ஊசிக் காது போன்ற சொல்.
எத்தனை நூல் நுழைந்தும் அடைபடவில்லை.

அளவுகோலை இறக்கினேன்.
நீர். இன்னும் நீர். ஒரு ஜெல்லி மீன்.
வானத்துச் செயற்கைக்கோள்கள் ஏழும்
நான் நிற்பது சரியான இடம் என்றன.
நிற்கத்தான் இடமில்லை.
மிர்சினி விளிம்பில் குனிந்து
"கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள்.
எதைப் பார்த்துச் சொன்னாளோ.

டொக்.

காதுக்குக் கேட்கவில்லை.
கோல் வழியே ஏறி உள்ளங்கையில் கேட்டது,
பூட்டிய வீட்டைத் தட்டியவனுக்கு
உள்ளேயிருந்து யாரோ 'ம்' என்றாற்போல.

இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு
படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்:
ஆழம் இரண்டு மீட்டர் பத்து. கல்.

திரும்பி வந்தது.
ஆழத்துக்குப் பத்தி இல்லையாம்.
பொருளில்லாத மனு என்று
சிவப்பு முத்திரை, சற்றே சாய்ந்து.

இன்று வியாழன். மூன்றாவது.
பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு
காலி வாளியோடு
கரையிலிருந்து இறங்குகிறாள் மிர்சினி.
முறை அவளுடையது.
தண்ணீருக்கும் குறைவில்லை.