ஆளுக்கொரு கொம்பு

வாடை இறங்கிய மறுநாள் விடியல்.
டெக்ஸஸின் தெற்கு, நியூசெஸ் ஆற்றுக்கும் கீழே,
மெஸ்கீட் முள்ளையும் சப்பாத்திக்கள்ளியையும் தவிர
கடவுள் வேறெதையும் நட்டுப் பார்க்காத காடு.
காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்திருக்கிறேன்.
மடியில் துப்பாக்கி, கழுத்தில் உறுமுகுழல்,
கையில் இரண்டு கொம்புகள்.

இரண்டும் ஒரே மானுடையவை அல்ல.

இடதுகைக் கொம்பு குட்டைக்கரையில் உதிர்ந்து கிடந்தது,
எலி கொறித்தது.
வலதுகையில் இருப்பது
மணமான முதல் டிசம்பரில் லேமார் சுட்டது.
பதினேழு வருடம் சமையலறைச் சுவரில் தொப்பிகளைத் தாங்கியது.
பிரிந்தபோது வக்கீலின் பட்டியலில்
பிக்கப் வண்டி அவனுக்கு, கிணறு எனக்கு,
நிலத்தின் நடுவே ஐந்து வரி முள்கம்பி.
கொம்பை யாரும் எழுதியிருக்கவில்லை.
ரம்பம் கொண்டுவந்து மண்டையோட்டை நடுவே அறுத்தவன் அவன்.
ஆடாமல் பிடித்துக்கொண்டவள் நான்.

முதலில் லேசாக, நுனியும் நுனியும்.
இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று எடைபோடும் ஓசை.
பிறகு மோதல்.
விரல் மாட்டினால் நகம் போகும்.
நெறித்து, முறுக்கி, பிய்த்தெடுத்து,
பூட்ஸால் சரளையை உதைத்து,
கொம்படியால் தரையைத் தொம்தொம்மென்று இடித்து,
பக்கத்துப் புதரில் ஒரு கிளையை முறித்து
இல்லாத இரு மான்களின் கோபத்தை
ஒருத்தியே நடிக்க வேண்டும்.
ஒன்றரை நிமிடம். பிறகு கல்.

இந்தப் பருவத்தில் ஆண்மானுக்குக் கழுத்து வீங்கும்,
அறிவு சுருங்கும்.
இருவர் முட்டிக்கொண்டால்
முட்டலுக்குக் காரணமான பிணை
அருகில் தனியே நிற்கும் என்று அதற்கொரு கணக்கு.

பத்து நிமிடம் போயிருக்கும்.
கிழக்கே, வேலிக்கு அப்பால்,
கடகடவென்று ஒரு மோதல்.

நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது.
மறுபடி மோதினேன். மறுபடி பதில்.
நான் அரைத்தால் அங்கே அரைப்பு,
நான் இடித்தால் அங்கே இடிப்பு.
மூன்றாம் முறைதான் காது கண்டுகொண்டது:
ஒரு கொம்பு கணீர், மற்றது டொக்கு.
ஜோடி சேராத ஓசை.
என்னுடையதைப் போலவே.

லேமார்.

நாலு வருடமாகப் பேச்சில்லை.
மாடு வேலி தாண்டினாலும் தபாலட்டைதான்.
கடைசியாக நீதிமன்ற வாசலில் கத்தினேன்:
உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?

எழுந்து ஆரஞ்சுத் தொப்பியை ஆட்டியிருக்கலாம்.
எழவில்லை.
கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதற்கு ஒரு மோதல்,
அவன் அம்மாவின் மேசைக்கு ஒன்று,
எதற்கென்று தெரியாமலே நாலைந்து.
அவனும் விடவில்லை.
மொளியில் தோல் உரிந்து கொம்பு பிசுபிசுத்தது.

அப்போதுதான் எங்களுக்கு நடுவர் வந்தார்.

மேற்கிலிருந்து, சாம்பல் நிறத்தில்,
காதுகளை மடித்து, மயிர் சிலிர்த்து,
விறைத்த கால்களில் பக்கவாட்டாக நடந்து.
என்னைப் பொருட்படுத்தவேயில்லை.
வேலிப்பக்கச் சண்டைதான் நல்ல சண்டை என்று
முடிவு செய்துவிட்டார் போல.
நாற்பது கஜத்தில் கடந்தபோது
குழலில் ஒரு உறுமல். நின்றார்.
வீட்டு ஃப்ரீஸரில் இருந்தது பட்டாணி மட்டுமே.

வெடிச்சத்தம் பள்ளம் பள்ளமாக உருண்டு அடங்கியது.
அருகே போய்க் குனிந்தேன்.
கழுத்தில் இன்னும் சூடு,
நெற்றியில் அது உரசிய மரத்தின் பட்டை.

வேலிக்கு அப்பாலிருந்து
மெல்ல, ஒரே ஒருமுறை,
நுனியும் நுனியும்.
கேள்வி மாதிரி.

குழலை வாயில் வைத்துக்
குட்டையாக ஒரு உறுமல் கொடுத்தேன்.
அந்தப் பக்கம் யாரோ சிரித்தது போலிருந்தது.
காற்று வடக்கிலிருந்து, அதனால்
சத்தியம் செய்ய மாட்டேன்.

மான் நூற்றறுபது பவுண்டு தேறும்.
நான் வந்தது நடந்து.
பிக்கப் அவனிடம் இருக்கிறது.