நீல நாடா

பீற்றர்பரோவில் செவ்வாய் மாலை ஆறரைக்கு
கல்லூரி மேல்மாடியில் ஒரு சிறை கட்டுகிறோம்.
செலவு: ஒரு சுருள் நீல ஒட்டுநாடா.
கம்பளத்தின் மேல் ஆறடிக்குப் பத்தடி.
கட்டிலுக்கு இரண்டு மேசை,
கழிப்பறைக்குக் குப்பைக்கூடை,
கதவுக்கு டாரியுஸ்.
லித்துவேனியாக்காரன். பகலில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிற தோள்.

ஹால்டன் மிஸ் இருபத்திரண்டு வருடம்
சாவிக்கொத்தோடு திரிந்தவர்.
இன்றும் நடக்கையில் இடுப்புக்குக் கை போகிறது,
அங்கே ஒன்றுமில்லை.
"எண்ணுவதுதான் வேலை" என்கிறார்.
"தலையை எண்ணு. கணக்குப் பிழைத்தால் திரும்ப எண்ணு."
உள்ளே போனவன் கம்பி எண்ணுகிறான் என்பது எங்கள் பேச்சு.
பிழை.
எண்ணுகிறவர்கள் வெளியே நிற்கிறவர்கள்.
நாலு வருடம் எட்டு மாதத்தில்
பதின்மூன்று மாதம் போயிற்று.

யாருக்கும் சொல்லவில்லை.
'ஏன் இந்தப் பாடம்?' என்ற கட்டத்துக்குள்
'சமூகத்துக்கு உதவ' என்று எழுதினேன்.
கெய்லீயும் அதையேதான் எழுதியிருந்தாள்.
வழக்கறிஞர் அனுப்பிய பதினாறு பக்கத்தில்
பாதி எனக்கு விளங்கவில்லை,
அதுதான் காரணம்.
தம்பிக்கு ஸ்கொட்லாந்தில் வேலை என்று
அம்மா ஊருக்கு ஃபோனில் சொல்லுகிறா.
மறியல் என்ற சொல் எங்கள் வீட்டில்
மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது.

பலகையில் 'பி விங்' என்று எழுதுகிறார்.
பழந்தமிழில் சிறை என்றாலும் சிறகுதான் மிஸ்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்கு மதிப்பெண் இல்லை.

இன்றைக்கு நான் அதிகாரி, கெய்லீ கைதி.
சூயிங்கம்மைக் காலுறைக்குள் ஒளித்துவிட்டுச் சிரிக்கிறாள்.
கழுத்துப்பட்டியின் பின்புறம், அக்குள், இடுப்புவார்,
கடைசியில் பாதத்தின் அடி.
நேராகப் போய் எடுத்துவிட்டேன்.
"எங்கே பழகினாய், மேகலோஜினி?"
"விமான நிலையத்தில்" என்றேன்.
ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை
ஒரு பெண் என்னை அதே வரிசையில் தடவுகிறாள்.

போன வார வீட்டுப்பாடம்:
பாதிக்கப்பட்டவரின் குரலில் ஐந்நூறு சொற்கள்.
எனக்கு ஒருவரைத்தான் தெரியும்.
நீதிமன்றத்தில் மூன்று வரிசை முன்னால் இருந்த
சாம்பல் நிறக் கோட்.
அவருடைய கணவர் பள்ளிக்கூடக் காவலாளி.
நிரோஜன் கைபேசியைப் பார்த்த நான்கு விநாடிக்குள்
சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர்.
அந்த அம்மா வாசித்ததில் ஒரு வரி மட்டும்
அகராதி இல்லாமலே எனக்குப் புரிந்தது:
'அவருடைய சைக்கிள் விளக்கை
இன்னமும் நான் ராத்திரியில் சார்ஜில் போடுகிறேன்.'

எழுநூறு சொற்கள் எழுதினேன்.
அந்த வரியை மட்டும் எடுக்கவில்லை, அது அவருடையது.
தாள் திரும்பி வந்திருக்கிறது.
சிவப்பு மையில்: 'சொல் எல்லை மீறல்.
நன்று. ஆனால் ஓட்டியவனுக்கு ஏன் பெயர் இல்லை?'

ஒன்பது மணிக்குச் சிறையை உரிக்கிறோம்.
நாடாவோடு கம்பளத்தின் மயிரும் சேர்ந்து வருகிறது.
உருட்டிப் பந்தாக்கி
டாரியுஸ் கழிப்பறைக்குள் உதைக்கிறான். கோல்.

பஸ்ஸின் மேல்தட்டு, முன் இருக்கை.
மழைக்குள் ஒரு சிவப்பு விளக்கு
மினுக்கி மினுக்கி மேடேறுகிறது.
இடம் இருந்தும்
சாரதி முந்தவில்லை.
பின்னால் யாரோ உச்சுக்கொட்டுகிறார்கள்.
தாளைப் புரட்டி, ஓரத்தில்,
பென்சிலால், மூன்று எழுத்துவரை எழுதினேன்.